கருத்துப் படிவங்களுக்கு நான் கட்டிய மஞ்சள் அட்டை

நான் எழுதக்கூடிய ஆள் இல்லை. முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. நான்கு பேர் நடுவில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனால்கூடக் குரல் கொடுக்க மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வருவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததே அதிகம். அதிலும் நான் எழுதப்போவது வேலை நேரத்தில் பெண்கள் கழிவறைக்குப் போவதைப் பற்றி. படிக்கக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற எனக்கும் அதே கூச்சம் இருக்கிறது.

போன மாதம் எங்கள் ஊர் காணையில், எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து. நான் வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் இப்போது வேலை செய்யும் பிரியா என்ற பெண் வந்திருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சாப்பிட்டு முடித்ததும் போனை நீட்டினாள்.

"அக்கா, நம்ம கம்பெனியப் பத்தி வேலை செய்யறவங்க எல்லாம் இதுல எழுதிக்கினு இருக்காங்க. நீயும் ரெண்டு வரி போடு. எத்தினி ஸ்டாரு குடுப்ப?"

ஒருவர் "நல்ல கம்பெனி" என்று எழுதியிருந்தார். ஒருவர் "பஸ் உண்டு, வளர்ச்சி இல்லை" என்று எழுதியிருந்தார். மூன்றாவதாக ஒரு பெண், "லேடீஸ் ரெஸ்ட் ரூம் பரவாயில்லை" என்று எழுதி மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாள்.

அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் இருந்த வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தேன்.

"இன்னாக்கா, பரவாயில்லன்னா அவ்ளோ சிரிப்பா?" என்றாள் பிரியா.

அந்தப் 'பரவாயில்லை' எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. சொல்லத் தொடங்கினேன், நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனி திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பைபாஸை ஒட்டி இருக்கிறது. தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தும் இடத்தில் போடுகிற கருப்பு ரப்பர் ரிங் செய்கிறோம். 'செய்கிறோம்' என்று இன்னும் வருகிறது பாருங்கள், ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகியும். அது ஒரு குடும்பத்தின் சொந்தக் கம்பெனி. முதலாளி சென்னையில் இருப்பார். நாங்கள் அவரைப் பெரிய சார் என்போம். கம்பெனியில் பங்கு வாங்கினவர்கள் என்று வெளியில் யாரும் கிடையாது. எதுவானாலும் அவர் சரி என்றால் சரி.

இருபத்தொன்பது வருடம் செக்கிங் பிரிவில் இருந்தேன். முதல் ஆறு மாதம் பழகுநர். எந்த ரிங்கைப் பார்த்தாலும் நல்லதாகவே தெரிந்தது. பிறகு எதைப் பார்த்தாலும் கெட்டதாகத் தெரிந்தது. அதன் பிறகு சரியாகத் தெரிந்தது. பயிற்சி அவ்வளவுதான்.

வேலை இப்படி. ரிங்கை இரண்டு முளைகளில் மாட்டி இழுத்துச் சுற்ற வேண்டும். வெட்டு, குமிழி, பிசிறு, வேகாத இடம் எல்லாம் இழுக்கும்போதுதான் தெரியும். சந்தேகம் வந்தால் விளக்கறைக்குக் கொண்டுபோக வேண்டும். அது ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்ன இருட்டறை. உள்ளே ஒரே ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் மயிரிழைக் கீறல்கூடப் பளிச்சென்று தெரியும். ஒரே தடவையில் செய்து வரும் ரிங்குகளை ஒரு லாட் என்போம். பார்த்து முடித்த லாட்டுக்கு அட்டை கட்ட வேண்டும். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் கழிவு. கழிவை அப்படியே போடக் கூடாது. திரும்ப நல்லதோடு கலந்துவிடாமல் இரண்டாக வெட்டித்தான் போட வேண்டும். மஞ்சள் என்றால் நிறுத்தி வை.

மஞ்சள் அட்டைக்கு மட்டும் தனி விதி. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். என்ன குறை, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று அட்டையில் எழுதி, கட்டியவர் நேரில் பார்த்துத் திருப்தி ஆனால்தான் அவிழ்க்கலாம். மேனேஜர் சொன்னாலும் அவிழ்க்கக் கூடாது. ஒரு காலத்தில் யாரோ அவசரத்தில் மஞ்சள் அட்டையைப் பிய்த்துவிட்டுச் சரக்கை அனுப்ப, லாரியோடு எல்லாம் திரும்பி வந்ததாம். அதற்குப் பிறகு பெரிய சாரே தன் கையெழுத்துப் போட்டு அந்த விதியைப் பலகையில் எழுதி மாட்டினார்.

எங்கள் தரப் பிரிவுக்குத் தலைவர் ஜீவகன் சார். மேல்சித்தாமூர்க்காரர், ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கம்பெனியே தீப்பிடித்தாலும் கிளம்பிவிடுவார் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். கூட்டுகிற அம்மாவைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். திட்ட மாட்டார். நம் தட்டிலிருந்து ஒரு ரிங்கை எடுப்பார், ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். அவ்வளவுதான். அந்த ரிங்கில் நாம் எதை விட்டோம் என்று அன்று முழுவதும் மற்ற ரிங்குகளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சில நாள் ஒரு லாட்டில் ஒன்றுகூடக் கழிவு விழாது. சந்தோஷமாகப் போய்ச் சொல்வோம். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்பார்:

"ஒண்ணு கூட விழலீங்களா? அப்போ பார்த்தது யாருங்க?"

திரும்பப் பார்த்தால் நாலைந்தாவது விழும்.

இனி டோக்கனுக்கு வருகிறேன்.

எங்கள் பிரிவில் என்னோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பெண்கள். ஒரு சமயம் வெளியிலிருந்து வந்த ஆலோசகர் யாரோ, பெண்கள் எழுந்து போய் வருவதில் வேலை நேரம் வீணாகிறது என்று எழுதிக் கொடுத்தாராம். பணியாளர் மேனேஜர் சம்பத் சார் ஒரு பித்தளை டோக்கன் செய்து தன் அறையில் ஆணியில் மாட்டினார். கழிவறைக்குப் போகிறவர் அதை எடுத்துப் போய், திரும்ப மாட்ட வேண்டும். முப்பத்தெட்டுப் பேருக்கும் அது ஒன்றுதான். அவர் அறை முழுக்கக் கண்ணாடி. எதிரே லோடு ஏற்றும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பார்க்க உள்ளே போய், பேரும் நேரமும் எழுதிவிட்டு எடுத்து வர வேண்டும். ஒரு மாதம் பார்ப்போம் என்று ஆரம்பித்தது நான்கு வருடம் நடந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? தண்ணீர் குடிப்பதை விட்டோம். காலையில் வீட்டில் குடிப்பதோடு சரி. மாலை மூன்றரைக்குக் கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாட்டிலைத் திறப்போம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா, ஏரி ஒடைஞ்ச மாதிரி குடிக்கிறீங்க" என்பார். அதற்கும் சிரிப்போம்.

யாராவது வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தால் எங்கள் முறையை அவளுக்கு விட்டுக் கொடுப்போம். டோக்கனை ஆணிக்குக் கொண்டுபோகாமல் கழிவறை வாசலிலேயே கைமாற்றிக்கொள்வதும் உண்டு. ஒரு நாள் அது பிடிபட்டு அந்த வாரம் முழுவதும் வாசலில் ஆள் நின்றது.

இதை யாரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்வதற்கு இடம் இருந்தது. அதுதான் கருத்துப் படிவம்.

எங்கள் ரிங்கை வாங்கும் ஒரு பெரிய குழாய்க் கம்பெனி, ரிங்கை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் செய்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் படிவம் எழுதித் தர வேண்டும். சம்பளம், பஸ், கேன்டீன், பாதுகாப்பு, அடிப்படை வசதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மிகவும் நன்று, நன்று, சுமார், மோசம். அந்தப் படிவங்கள், சாம்பிளுக்கு அனுப்பும் ரிங்குகளோடு ஒரே பெட்டியில் போகும். ஒரு நகல் பெரிய சாருக்கும் போகும்.

ஆனால் படிவத்தின் மேலே பேர் எழுத வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் சம்பத் சார். ஒண்ணுக்குப் போவதைப் பற்றி எந்தப் பெண் அவரிடம் எழுதிக் கொடுப்பாள்? அது மட்டுமல்ல, எழுதியதே அவர்கள் இல்லை.

எழுதியது நான். என் கையெழுத்து குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால் சம்பத் சார் முப்பத்தெட்டுப் படிவத்தையும் என் மேசையில் வைத்து, "பூங்காவனம், எப்பவும் போலத்தான்" என்பார். நான் எல்லாவற்றிலும் 'மிகவும் நன்று' கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போவேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வந்து படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மூன்று வருடம் அப்படிச் செய்தேன். என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

அதே கையெழுத்துக்காக என்னிடம் இன்னொரு வேலையும் வரும். வேலையை விட்டு நிற்பவர்கள் கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள். அந்த நான்கு வருடத்தில் ஏழு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். ஏழிலும் காரணம், 'குடும்பச் சூழ்நிலை.'

எட்டாவதாக வந்தவள் ஆரோக்கியமேரி.

மேரி திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனி. அம்மா அப்பா இன்றைக்கும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்க, களை எடுக்கக் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று முதலில் வாங்கியவள் இவள்தான். கம்பெனி அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கழுத்தில் போட்டுக்கொண்டு போவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். "ஆமா, சாமிக்கும் தெரியட்டும்" என்பாள். பிசிறு வெட்டுவதில் அவள் கையைப் போல வேகம் யாருக்கும் இல்லை, வாயும் அப்படித்தான்.

அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலாகி, முதுகுவலியாகி, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தாள். லீவு எல்லாம் தீர்ந்தது. நான்காம் வருடப் படிவங்கள் என் மேசைக்கு வந்த அன்று மதியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு லெட்டரு எழுதிக் குடு."

"இன்னா லெட்டரு?"

"நின்னுக்கறேன். டாக்டரம்மா ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி குடிக்கணும்னு சொல்லிட்டாங்க. இப்டியே போனா கிட்னி பூடுமாம். நாலு லிட்டருக்கு எத்தினி டோக்கன் ஆவும், நீயே சொல்லு."

பேப்பரை எடுத்தேன்.

"காரணம் இன்னா போடறது?"

"எல்லாருக்கும் போடுவியே, அத்தயே போடு. குடும்பச் சூழ்நிலை." அப்புறம் சிரித்தாள். "எங்குடும்பத்துல ஒரு சூழ்நிலையும் இல்லக்கா. ஒண்ணுக்குப் போறதுலதான் சூழ்நிலை."

எழுதிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் கொடுத்துக்கொள்கிறேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நான் படிவத்துக்குத் திரும்பினேன். அடுத்து வந்தது அவள் படிவம். பேர்: ஆரோக்கியமேரி. அடிப்படை வசதிகள் என்று இருந்த இடத்துக்கு எதிரே பேனா தானாகப் போய் 'மிகவும் நன்று' கட்டத்தில் டிக் அடித்தது. இரண்டையும் எழுதியது ஒரே பேனா. கடித மை காய்ந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம்.

மறுநாள் காலை கையெழுத்தெல்லாம் வாங்கி முடித்து, படிவக் கட்டை சாம்பிள் ரிங்குகளின் பெட்டியில் வைக்கப் போனேன். எந்த லாட்டையும் அனுப்பும் முன் அதிலிருந்து ஐந்தை உருவிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கை பழக்கத்தில் ஐந்து படிவத்தை உருவியது. ஐந்தும் ஒன்றுபோல. இன்னும் ஐந்து உருவினேன். அதுவும் அப்படியே. முப்பத்தெட்டில் ஒன்றுகூட விழவில்லை.

பார்த்தது யார்? நான்தான். நான் பார்க்கவே இல்லை.

நான் தைரியம் வந்து செய்தேன் என்று நினைக்காதீர்கள். தைரியமே இல்லை. சம்பத் சாரிடம் போய்ச் சொல்ல என்னால் ஆகாது, வாய் வராது. ஆனால் அட்டை எழுதத் தெரியும். ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து எழுதினேன். லாட்: கருத்துப் படிவம். எண்ணிக்கை: 38. குறை: பார்க்காமலே பாஸ் செய்யப்பட்டது. பாஸ் செய்தவர்: பூங்காவனம். நிறுத்தி வைப்பவர்: பூங்காவனம். கட்டின் மேல் கம்பி போட்டு முறுக்கி, நிறுத்தி வைத்த சரக்குகள் இருக்கும் மஞ்சள் வலைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு வந்து ரிங் பார்க்க உட்கார்ந்தேன். ரிங் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் சம்பத் சார் வந்துவிட்டார்.

"பூங்காவனம், இன்னா விளையாட்டு இது? ஜல்தி அவுருங்க. இன்னைக்குப் பெட்டி போவணும்."

எழுந்து நின்றேன். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன்.

"அவுக்க மாட்டீங்களா? இருபது வருஷத்துல உங்க குரலையே நான் கேட்டதில்ல. இப்பப் போயி பேஜாரு பண்றீங்களே!"

பிரிவு முழுவதும் கை நின்றுவிட்டது. யாரோ ஜீவகன் சாரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் கூண்டுக்குள் போய் அட்டையைப் படித்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

சம்பத் சார், "சொல்லுங்க சார் அவங்ககிட்ட. இது சரக்கு இல்ல, பேப்பரு" என்றார்.

"கஸ்டமருக்குப் போவுதுங்களா?"

"போவுது."

"நம்ம பெட்டியிலதானே போவுது?"

"ஆமா சார், அதனால?"

"அப்போ சரக்குதாங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. மேரியாகத்தான் இருக்கும்.

"சரி, நீங்கதானே தலைவரு. நீங்க அவுருங்க" என்றார் சம்பத் சார்.

"என் கையெழுத்து இல்லீங்களே இதுல. கட்டினது சரியா தப்பான்னு அப்புறம் பேசிக்கலாம். கட்டியாச்சு. இனி அவங்கதான் அவுக்கணும். பலகையைப் பாருங்க" என்றார் ஜீவகன் சார். ஒரு வார்த்தைகூடக் குரல் உயரவில்லை. போகும்போது என் பக்கம் திரும்பி, "குறை இன்னான்னு முழுசா எழுதலியே நீங்க. பார்க்கலைன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. பார்த்தா இன்னா தெரியும்னு தெரியலியே" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். டோக்கன் விஷயம் அவருக்கும் தெரியும் என்பது என் எண்ணம். அவருக்கும் அதைப் பேசக் கூச்சம்.

சம்பத் சார் சென்னைக்குப் போன் போட்டார். மறுநாள் காலை பெரிய சாரே வருவதாகத் தகவல் வந்தது.

பெரிய சாருக்கு எழுபது வயது இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர். கார் வந்து நின்றதும் இறங்கினார். வணக்கம் சொன்ன யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்து நேரே ஆபீஸ் கழிவறைக்குள் போனார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்துதான் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். நாங்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேரே கூண்டுக்கு வந்தார். அட்டையைப் படித்தார்.

"பூங்காவனம் யாரு?"

முன்னால் வந்து நின்றேன்.

"பாஸ் பண்ணதும் நீதான், நிறுத்தினதும் நீதானாம்மா?"

தலையாட்டினேன்.

"இதை அவுக்கணும்னா நான் என்ன செய்யணும்?"

இந்த இடத்தில்தான் பேசியிருக்க வேண்டும். என்னால் ஆகவில்லை. ஜீவகன் சார் சட்டைப் பையிலிருந்து மறு பரிசோதனைச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நிறுத்திய சரக்கை எப்படித் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதும் சீட்டு அது. பேனா கையில் வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. எழுதினேன். எண்ணிக்கை: 38, முழுவதும். முறை: ஒவ்வொன்றாக, அவரவரே. இடம்: விளக்கறை. உடன் இருப்பவர்: யாரும் இல்லை. பேர்: எழுத வேண்டாம்.

பெரிய சார் படித்தார். "செய்யுங்க" என்றார்.

"சார், வேலை கெடும்" என்றார் சம்பத் சார்.

"பெட்டி போகலைன்னா இன்னும் கெடும்யா."

அன்று காலை முழுவதும் ஒருத்தி மாற்றி ஒருத்தி அந்த இருட்டறைக்குள் போனாள். உள்ளே ஒரு விளக்கு, ஒரு பேனா, வெள்ளைப் படிவம். எழுத வராத இரண்டு பேருக்கு மட்டும் நான் உள்ளே போய், அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். இரண்டு நிமிடத்தில் வருவார்கள் என்று நினைத்தேன். சிலர் பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை. சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது நானும் எழுதினேன்: 'இதுவரை நான் எழுதிக் கொடுத்த எட்டு ராஜினாமாக் கடிதங்களிலும் காரணம் பொய்.'

மதியம் இரண்டு மணிக்குச் செக்கிங் மேசையில் உட்கார்ந்து பெரிய சார் ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் வாய்விட்டே படித்தார்.

"'பஸ்சு டயத்துக்கு வருது. டிரைவரு அண்ணன் தங்கம்.' நல்லது. 'சம்பளம் சொன்ன தேதிக்கு வந்துடுது. அதுல குறை சொன்னா நாக்கு அழுவிடும்.' சரி. 'சாம்பாருல பருப்பு போடறாங்களா, இல்ல காட்டிட்டு எடுத்துக்கறாங்களா?'"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அடிப்படை வசதிகள் என்ற இடத்துக்கு வந்தார். குரல் மெல்ல இறங்கியது.

"'காலையில அஞ்சு மணிக்குக் குடிக்கிற தண்ணிதான். அப்புறம் பஸ்லதான்.' 'மூணு புள்ள பெத்தவ நானு. ஒண்ணுக்குப் போவ கண்ணாடி ரூமுல போயி கை நீட்டறேன்.'"

அடுத்ததை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி சொல்லி நான் எழுதியது. 'ஒரு நாள் டோக்கன் கெடைக்கல. புடவையோட ஆயிடுச்சி. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.'

அதன் பிறகு எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே படித்தார். படிக்கப் படிக்க, டோக்கனைச் சொன்னவற்றை மேசையில் தனியாக அடுக்கினார். எல்லாமே அந்த ஒரே அடுக்கில் சேர்ந்துகொண்டு வந்தன. கடைசிக்கு முந்தையதில் நின்றார். நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். அதை மட்டும் உரக்கப் படித்தார்.

"'பெரிய சார் கார்லேந்து எறங்கனதும் நேரா எங்க போனாருன்னு நாங்க முப்பத்தெட்டு பேரும் பாத்தோம். அவுருக்கு டோக்கன் குடுத்தது யாரு?'"

மேரி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய சாருக்கு முதலில் காது சிவந்தது. பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பினால் மட்டும்தானா என்று தெரியவில்லை.

"நாலு வருஷமா சம்பத்?"

"டயம் மிச்சமாவும்னு சொன்னாங்க சார்..."

"எனக்கு ஏன்யா சொல்லல?"

"உங்களுக்கு வர்ற படிவத்துல எல்லாம் மிகவும் நன்றுன்னுதானே சார் இருந்தது" என்றார் சம்பத் சார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தப் படிவங்களை எழுதியவள் நான்தான். ஒருவர் கையில் இருக்கும் கம்பெனியில் ஒரு சௌகரியம் உண்டு: அந்த ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அதே கம்பெனியில் ஒரு கஷ்டமும் உண்டு: அந்த ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

பெரிய சார் மஞ்சள் அட்டையைக் கேட்டு வாங்கினார். 'எடுத்த நடவடிக்கை' என்ற இடத்தில் தன் கையால் எழுதினார்: 'டோக்கன் முறை நீக்கப்பட்டது. பெண்களுக்கு மேலும் இரண்டு கழிவறைகள் கட்டப்படும்.' கையெழுத்துப் போட்டார்.

"இப்ப அவுக்கலாமாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவிழ்த்திருக்கலாம். ஆனால் கட்டியவர் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. நடந்து கண்ணாடி அறைக்குப் போனேன். பார்த்தேன். திரும்பி வந்தேன். அப்போது என் வாய் திறந்தது. முப்பத்தெட்டுப் பெண்களும் மூன்று பெரிய மனிதர்களும் இருக்கிற இடத்தில், என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"சார், டோக்கன் இன்னும் ஆணியிலதான் தொங்குது."

"அப்டிப் போடுக்கா!" என்று கத்தியது மேரி. கைதட்டல் யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ரிங் போடும் தகரத் தட்டுகளை எல்லோரும் மேசையில் தட்டினார்கள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

சம்பத் சாரே போய் டோக்கனைக் கழற்றி வந்தார். கழிவை எப்படிப் போட வேண்டும் என்று ஜீவகன் சார் நினைவுபடுத்தினார். டூல் ரூமுக்குக் கொண்டுபோய் இரும்பு ரம்பத்தால் இரண்டாக அறுத்து, சிவப்புத் தொட்டியில் போட்டார்கள். ஆணியையும் பிடுங்கச் சொன்னேன், பிடுங்கினார்கள். பிறகு மஞ்சள் அட்டையின் கம்பியை அவிழ்த்தேன். பழைய படிவங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கட்டி, பச்சை அட்டை போட்டேன். இதைப் போய்க் கஸ்டமருக்கு அனுப்புவதா என்று சம்பத் சார் தயங்கினார். நடவடிக்கை எழுதிய அட்டையும் கூடவே போகட்டும் என்றார் பெரிய சார். அந்தக் கஸ்டமர் இன்றும் எங்கள் ரிங்கைத்தான் வாங்குகிறது.

சம்பத் சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழிவறைகள் கட்டும்போது வெயிலில் அவர்தான் நின்று பார்த்தார். கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று இரண்டு முறை மாற்றச் சொன்னவர் அவர். செய்ததற்கு வெட்கப்பட்டுச் சரிசெய்கிறவரை நான் மதிக்கிறேன்.

அன்று மாலை பஸ்ஸில் மேரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள்.

"அக்கா, இத ஒரு வாரம் மெடிக்கல் லீவு லெட்டரா மாத்தி எழுது. பெரிய சாரு குடுக்கறேன்னு சொல்லிட்டாரு."

பேனாவை எடுத்தேன். பஸ் குலுங்கியது.

"காரணம்?"

"இந்த தபா நெசத்தையே போடுக்கா."

போட்டேன்.

மறுநாள் மேரி லீவு. பெட்டி பத்து மணி வண்டியில் போனது. எங்கள் பிரிவில் வைத்திருந்த தண்ணீர் கேன் பதினொரு மணிக்கெல்லாம் காலியாகிவிட்டதால், ஸ்டோரில் சொல்லி இன்னொன்று வாங்கி வைத்தோம்.